உறைப்பு

கறி வாயில் பட்டதும் யாழ்ப்பாணத்தில் ‘உறைக்குது’ என்போம். தமிழ்நாட்டில் ‘காரம்’ என்பார்கள். காரம் வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது, முதற்பொருள் சாம்பலுப்பு. சவர்க்காரம் என்ற சொல்லில் ஒட்டியிருப்பதும் அதுவே. எங்கள் இரசாயனவியல் நூல்களிலும் காரம் அந்தப் பொருளில்தான் நிற்கிறது. சவர்க்காரம் செய்யும் சோடியம் ஐதரொட்சைட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் ஒரே சொல் வேண்டாம்.

உறைப்பு, ‘உறைத்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. மிளகாய் உறைக்கும், உச்சி வெயில் உறைக்கும். “எவ்வளவு சொல்லியும் அவனுக்கு உறைக்கேல்லை” என்றால் சொன்னது உள்ளே தைக்கவில்லை என்று பொருள். தாக்கி உணர்வில் படுவதே மூன்றுக்கும் பொது. (தயிர் உறைந்தது என்பது வேறு வினை, மிளகாய் உறைத்தது.)

உடற்றொழிலியலும் இந்தச் சொல்லின் பக்கமே நிற்கிறது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றைச் சுவையரும்புகள் அறிகின்றன. அறுசுவையில் கார்ப்பு என்று எண்ணப்பட்ட உறைப்பு அந்த வழியால் வருவதில்லை. மிளகாயை உறைக்க வைக்கும் பொருளான கப்சேசின், நோவை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு வாங்கியில் (தமிழ்நாட்டில் ஏற்பி) ஒட்டுகிறது. டி.ஆர்.பி.வி.1 எனப்படும் அந்த வாங்கி ஏறத்தாழ 43 பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டுக்குத் திறப்பது. 1997இல் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அதை இனங்கண்டனர்; அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வாங்கி திறந்ததும் செய்தி முக்கிளை நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளை அதை எரிவு என்றே வாசித்து, உடலை வியர்க்க வைக்கிறது.

ஒடியற்கூழை (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) கொதிக்கக் கொதிக்கப் பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்துப் பாருங்கள். கப்சேசின் அந்த வாங்கியின் சூட்டெல்லையைக் கீழே இறக்கிவிடுவதால், வழக்கமாகத் தாங்கும் சூடும் சுடும். ஆறியபின் அதே கூழில் உறைப்புக் குறையும். போட்ட செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) குறையவில்லை. ஆகவே உறைப்பு அளவாக இருக்கிறதா என்பதை அடுப்பில் கொதிக்கும்போது பார்க்காமல், குடிக்கிற சூட்டில் பார்க்க வேண்டும்.

கப்சேசின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும். கறிக்குத் தேங்காயின் முதற்பால் விட்டதும் உறைப்பு அடங்குவது அதனால்தான். வாய் எரிந்தால் தண்ணீரை விடப் பாலோ தயிரோ உதவும். உறைப்பு மிகுந்திருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில். உறைப்பைக் குறைக்க அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பச்சை மிளகாய் அரிந்த கையில் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெறுந்தண்ணீரில் அலம்பிய கை கண்ணில் பட்டால் கண் எரியும். கண்ணில் ஒரு சுவையரும்பும் இல்லை.