தூக்கத்துல ஒண்ணுக்குப் போற பிள்ளைக்கு உள்ள என்னதான் நடக்குது

எங்க தக்கலைப் பக்கம் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அந்த நாள்ல மெத்தை நனைஞ்சா காயவே காயாது. எனக்க மவனுக்கு அப்போ 7 வயசு. ஒருநாள் விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா, நனைஞ்ச பெட்ஷீட்ட சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால சொருகிட்டு, வேற டவுசர் மாத்தி தங்கச்சிக்க பாய் ஓரத்துல சுருண்டு கிடக்கான். இவன் வேணும்னு செய்யலன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

தீப்பெட்டி வச்சு விளையாடினான் அதான்னு மாமி சொன்னாவ. விஷயம் அது இல்ல. ராத்திரி ஆனா மூளை வாசோபிரெசின்னு ஒரு ஹார்மோனைக் கூடுதலா விடும், அது கிட்னிகிட்ட போய் தண்ணிய உடம்புலேயே நிறுத்து, மூத்திரத்தைக் குறைன்னு சொல்லும். சில பிள்ளைகளுக்கு இது ராத்திரி போதுமான அளவு கூடுறதில்ல, அதனால பகல் மாதிரியே மூத்திரம் ஊறிட்டே இருக்கும். 7 வயசுப் பிள்ளைக்க மூத்திரப்பை தோராயமா 240 மில்லிதான் பிடிக்கும், ஒரு பெரிய டம்ளர் அளவு. அது நிறைஞ்சதும் மூளைக்குத் தகவல் போகுது, ஆனா தூக்கத்துல மூளைக்கு அது கேக்கல, பிள்ளை முழிக்கல. முழிக்காத பிள்ளைய காலைல அடிச்சா அது எதைத் திருத்தும் சொல்லுங்க?

5 வயசுல நூத்துக்கு 15 பிள்ளைக்கு இது இருக்கு, பெருசாக ஆக பெரும்பாலும் தானா நிக்கும். பரம்பரையும் உண்டு, எங்க வீட்டுக்காரரும் 10 வயசு வரைக்கும் இப்படித்தான்னு மாமி அப்புறமாத்தான் வாயத் திறந்தாவ.

யாரும் யோசிக்காத ஒண்ணு மலச்சிக்கல். மலக்குடல் மூத்திரப்பைக்கு நேர் பின்னாலதான் இருக்கு, அது இறுகி நிறைஞ்சு கிடந்தா முன்னால தள்ளும், பை கொஞ்சத்துலயே நிறைஞ்சிரும். இவன் ஸ்கூல்ல பாத்ரூம் நாறுதுன்னு ரெண்டையும் சாயங்காலம் வரை அடக்கிட்டு வருவான், தண்ணியும் குடிக்கமாட்டான், வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பா குடிப்பான். முதல்ல அதைத்தான் மாத்தினோம், பகல்ல தண்ணி, கீரை, பழம், சாயங்காலம் கட்டஞ்சாயா கிடையாது, படுக்கப் போறப்போ ஒருக்கா பாத்ரூம்.

அதுக்குப் பிறகு டாக்டர் சொல்லி அலாரம் வாங்கினோம். டவுசர்ல ஒரு சென்சார், ஈரம் பட்டதும் அடிக்கும். நிறைஞ்ச பை, உடனே முழிப்பு, இந்த ரெண்டையும் மூளை மெதுவா சேத்துக் கத்துக்கிடும், ரெண்டு மூணு மாசம் ஆகும். அந்த வாசோபிரெசின் வேலையச் செய்யுற டெஸ்மோபிரெசின்னு ஒரு மாத்திரையும் இருக்கு, அது டாக்டர் பாத்துத் தரணும், அதைப் போட்ட ராத்திரி தண்ணி அதிகம் குடிக்கவே கூடாது. ஆனா ஆறு மாசம் நின்னுட்டு திடீர்னு மறுபடியும் ஆரம்பிச்சாலோ, ரொம்ப தாகம், எடை குறையுறது, மூத்திரம் போறப்போ எரிச்சல் இருந்தாலோ உடனே கொண்டு காட்டுங்க, சர்க்கரையோ கிருமியோ இருக்கலாம்.

முதல் வாரம் அலாரம் அடிச்சா நாங்க எல்லாரும் முழிப்போம், அவன் மட்டும் கிடப்பான், நான்தான் தூக்கி நிறுத்தி பாத்ரூமுக்கு நடத்திட்டுப் போவேன். ரெண்டாவது மாசக் கடைசில ஒருநாள் ராத்திரி பின்வாசக் கொண்டி திறக்குற சத்தம் கேட்டுது, அலாரம் அடிக்கல, அவனே எந்திரிச்சுப் போறான்.