காறல்: ஊசிப்போவது வேறு, காறிப்போவது வேறு

காறல், பெயர்ச்சொல். வினைவடிவம் காறு: எண்ணெய் காறுகிறது, தேங்காய் காறிவிட்டது, காறிப்போன கருவாடு. எண்ணெயோ கொழுப்போ காற்றுப் பட்டு உள்ளுக்குள் மாறி, தொண்டையைப் பிடிக்கும் சுவையை அடைவதுதான் காறல். ஆங்கிலத்தில் இதை ரான்சிடிட்டி என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் இதற்கு லிப்பிட் ஆக்சிடேஷன் என்று பெயர்.

ரான்சிடிட்டி என்பதற்குத் தமிழில் ‘ஊசிப்போதல்’ என்று எழுதிவிடுகிற வழக்கம் உண்டு. அது பிழை. வெறும் சொற்பிழையாக இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் இது பொருளையே மாற்றிவிடுகிறது. ஊசுவது நுண்ணுயிரின் வேலை. நேற்றைய சாம்பார் ஊசும், சுண்டல் ஊசும், நூல்விடும், நுரைக்கும். காறுவது ஆக்சிஜனின் வேலை, அதற்கு ஒரு கிருமிகூடத் தேவையில்லை. நுண்ணுயிரே இல்லாமல் அடைத்த புட்டியிலும், உள்ளே காற்று இருந்தால் எண்ணெய் காறும்.

இராமநாதபுரம் கரையில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாம்பனிலோ தொண்டியிலோ கருவாடு காயும் இடத்தில் காரல் மீனையும் சாளை மீனையும் ஒரே உப்பில் போட்டு ஒரே வெயிலில் காயவைத்தால், காரல் பல வாரங்களுக்கு வெள்ளையாகவே கிடக்கும். சாளையோ சில நாளில் வயிற்றோரம் மஞ்சளடித்து, பிறகு துருப்பிடித்ததுபோல் பழுப்பாகி, தொட்டால் விரலில் ஒட்டும். முகர்ந்தால் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும். அந்தச் சாளை ஊசவில்லை, உப்பு கிருமியைத் தடுத்துவிட்டது. அது காறியிருக்கிறது. காரலில் கொழுப்பு மிகக் குறைவு. சாளையில் பருவத்தைப் பொறுத்து 15 விழுக்காட்டைத் தாண்டியும் எண்ணெய் இருக்கும். உப்பு காறலைத் தடுக்காது. சொல்லப்போனால், கடல் உப்பில் கலந்திருக்கும் இரும்பும் செம்பும் அதை விரட்டிவிடும்.

எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். மீனின் பெயர் காரல், இடையின ரகரம். கெட்ட சுவை காறல், வல்லின றகரம். பேச்சில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். ‘காரல் கருவாடு’ என்று எழுதினால் அது நல்ல பண்டம். ‘காறல் கருவாடு’ என்று எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள்.

சொல்லின் வேர் தொண்டையில் இருக்கிறது. சரியாக வேகாத சேனையைத் தின்றால் தொண்டை காறும். காறித் துப்புவது என்பது தொண்டையைச் சுரண்டி எடுத்துத் துப்புவது. அந்தச் சுரண்டல் உணர்வுதான் எண்ணெய்க்கும் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ரான்சிட் என்பது நாற்றத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது, அது மூக்கின் சொல். ஆக்சிஜன் என்பதன் முன்பாதியான ‘ஆக்சிஸ்’ கிரேக்கத்தில் கூர்மையையும் புளிப்பையும் குறிக்கும், அது நாக்கின் சொல். நம்முடையது தொண்டையின் சொல். எண்ணெய் சிதைந்து பிறக்கும் ஆல்டிஹைடுகள் என்ற நெடியுள்ள சேர்மங்கள் முதலில் மூக்கைத் தொட்டாலும், விழுங்கிய பிறகு நெடுநேரம் நிற்பது தொண்டைக் கரகரப்புதான். இந்த இடத்தில் தமிழ்ச்சொல்தான் மிகக் கூர்மையாக நிற்கிறது என்பது என் துணிபு.

பக்கத்திலேயே நிற்கும் மற்ற சொற்களையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கவிச்சி பச்சை மீனின் இயல்பான வாடை, கெடுதல் அல்ல. நொந்துபோவது மீனின் தசை இளகுவது. சிக்கு வாடை காறலுக்கு மிக நெருக்கமானது: காறிய எண்ணெயின் மணத்தையும் பிசுபிசுப்பையும் சேர்த்துச் சொல்கிறது. காறலின் கடைசிக் கட்டத்தில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகும் என்பதால் அந்தச் சொல்லும் பொருந்தவே செய்கிறது. மர வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசும் பழைய வழக்கம் இந்தப் பிசினை நம்பித்தான். சட்டியில் வேண்டாத அதே வினை பலகைமேல் தோலாகப் படிந்து நீரைத் தடுக்கிறது.

இனி ஆக்சிடேஷன் என்ற பெரிய சொல். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1777-ல் ஆக்சிஜன் வளிக்கு ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்ற பொருளில் பெயர் வைத்தார். எல்லா அமிலத்திலும் அது இருப்பதாக அவர் நம்பினார். 1810-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி குளோரின் ஒரு தனிமம் என்று காட்டியபோது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்பது தெளிவாகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆக்சிஜனேற்றம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் ஒட்சியேற்றம் என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஆக்சிஜன் ஏறுவதைச் சொல்கின்றன. இன்றைய வரையறையோ எலக்ட்ரானை இழப்பது. இரும்பு குளோரினோடு சேர்ந்தாலும் அது ஆக்சிஜனேற்றம்தான், ஆக்சிஜன் ஓர் அணுகூட இல்லாவிட்டாலும். ஆகவே சொல் குறுகியது, பொருள் விரிந்தது. இருந்தும் அதை மாற்றவேண்டியதில்லை, ஊன்றிவிட்டது. அதன் கீழ் வரும் தனித்தனி நிகழ்வுகளுக்கு நம்மிடம் முன்பே இருக்கும் சொற்களைப் பயன்படுத்தவேண்டும்: இரும்புக்குத் துரு, விறகுக்கு எரிதல், கொழுப்புக்குக் காறல்.

காறலின் வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்குதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இது சங்கிலி வினை. வெளிச்சமோ சூடோ இரும்போ கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. மிச்சம் நிற்பது ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு ஒரு துண்டு, பாடநூல் மொழியில் தனி உறுப்பு. அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தான் ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. பக்கத்துக் கொழுப்பு இப்போது தனி உறுப்பு. இப்படியே ஒன்று மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே போகும். தடுக்கும் பொருள் எதுவும் இல்லாவிட்டால், இரண்டு தனி உறுப்புகள் ஒன்றோடொன்று மோதினால்தான் சங்கிலி அறும்.

எந்த ஹைட்ரஜன் எளிதில் பறிபோகும்? இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் கார்பனில் உள்ளது. ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் அப்படிப்பட்ட இடமே இல்லை. நல்லெண்ணெயில் நிறைய உள்ள லினோலியிக் அமிலத்தில் ஒன்று. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இபிஏ-யில் நான்கு, டிஹெச்ஏ-யில் ஐந்து. மீன் எண்ணெய் ஏன் இவ்வளவு விரைவாகக் காறுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை இல்லை.

தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். எண்ணெயில் இயல்பாக உள்ள வைட்டமின் ஈ, தன் ஹைட்ரஜனைக் கொடுத்துத் தனி உறுப்புகளை அடக்கிக்கொண்டிருக்கும். அது தீர்ந்த நாளிலிருந்து வேகம் சட்டென்று ஏறும். முதற்கட்டத்தை ‘அடங்கு காலம்’ என்று சொல்லலாம். நேற்றுவரை நன்றாக இருந்த கருவாடு ஒரே வாரத்தில் காறிவிட்டது என்று வியாபாரிகள் சொல்வது மிகையல்ல. காறலைத் தடுக்கும் பொருளை அடங்கு காலம் முடிவதற்குள் சேர்க்கவேண்டும், வாடை வந்தபிறகு சேர்த்துப் பயனில்லை. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். இந்தக் கணக்குப்படி 30 டிகிரியில் 10 நாள் தாங்குவது 20 டிகிரியில் சுமார் 20 நாள் தாங்கும். மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியிலும் காறல் நின்றுவிடுவதில்லை, மெல்ல நகர்கிறது. ஊசல்தான் அங்கே நிற்கும்.

காறலை அளப்பதற்குப் பெராக்சைடு எண் இருக்கிறது, எண்ணெயில் சேர்ந்துள்ள ஹைட்ரோபெராக்சைடுகளின் அளவு அது. 5 கிராம் எண்ணெயை மூடியுள்ள குடுவையில் எடுத்து, அசெட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் 3-க்கு 2 என்ற அளவில் கலந்த கரைசலில் 30 மி.லி. ஊற்றிக் கரைக்கவேண்டும். தெவிட்டிய பொட்டாசியம் அயோடைடு கரைசல் 0.5 மி.லி. சேர்த்துச் சரியாக 1 நிமிடம் அவ்வப்போது குலுக்கவேண்டும். பிறகு 30 மி.லி. தண்ணீர். விடுபட்ட அயோடினை 0.01 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டால், ஸ்டார்ச் நீலம் மறையும்வரை தரம்பார்க்கவேண்டும். 2.5 மி.லி. செலவானால், 2.5-ஐ 0.01-ஆலும் 1000-ஆலும் பெருக்கி 5-ஆல் வகுக்க, விடை கிலோவுக்கு 5 மில்லிஈக்விவலன்ட். மீன் எண்ணெய்க்கு கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரம் அனுமதிக்கும் உச்சமும் அதுவே. பழைய அயோடைடு கரைசல் மஞ்சளாக இருந்தால் கொட்டிவிடவேண்டும். வெயில் விழும் சன்னலோரம் செய்தால் வெளிச்சமே அயோடினை விடுவித்து விடையைக் கூட்டிவிடும். எண்ணெய் இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனை செய்து அந்த அளவைக் கழிப்பது கட்டாயம்.

இன்னொரு பொறி இதைவிட மோசமானது. முற்றக் காறிய எண்ணெயில் பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகளாகிவிடும், எண் மறுபடி இறங்கும். தாளில் 3 என்று வரும், மூக்கில் பெயின்ட் வாடை வரும். அங்கே மூக்குதான் சரி. ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் எண் என்ற அளவையும் சேர்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இதே வேதியியல் பறவையின் உடலுக்குள்ளும் நடக்கிறது. மண்டபத்தின் சேற்றுத் திட்டுகளிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் குளிர்காலம் கழிக்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்புமுன் கொழுப்பேற்றிக்கொள்ளும். நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகளில் உடல் எடையில் மூன்றிலொரு பங்கு, சிலவற்றில் பாதிகூடக் கொழுப்பாக இருக்கும். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் சுமார் 39 கிலோஜூல் கிடைக்கும், மாவுச்சத்தில் சுமார் 17-தான். கூடவே ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகத் தண்ணீரும் பிறக்கும், கடல்மேல் பறக்கும் பறவைக்கு அது பெரிய உதவி. பறவை வெளிவிடும் கரியமில வாயுவை உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் 0.7 வருவது, அது கொழுப்பைத்தான் எரிக்கிறது என்பதற்கு அடையாளம். மாவுச்சத்தானால் 1 வரும்.

கேள்வி இதுதான். 41 டிகிரிச் சூடு, இரத்தத்தில் இரும்பு, நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓயாமல் பாயும் ஆக்சிஜன், கடலுணவிலிருந்து வந்த பல இரட்டைப் பிணைப்புக் கொழுப்பு: காறுவதற்கு இதைவிடத் தோதான பாத்திரம் கிடைக்காது. இருந்தும் உயிருள்ள பறவை காறுவதில்லை. வைட்டமின் ஈ சங்கிலியை அறுக்கிறது. நாம் கழிவு என்று நினைக்கும் யூரிக் அமிலம் பறவை இரத்தத்தில் மிகுதியாக இருந்து அதே வேலையைச் செய்கிறது. மேலும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் தனி உறுப்புகள் பறவைகளில் குறைவு. ஏறத்தாழ ஒரே எடையுள்ள எலியையும் புறாவையும் ஒப்பிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. எலியின் உச்ச ஆயுள் சுமார் 4 ஆண்டு, புறாவுக்கு 35.

காவல் தீர்ந்தால் பறவையும் காறும். அடிபட்டு மீட்கப்பட்ட கூழைக்கடாவுக்கோ நாரைக்கோ மாதக்கணக்கில் உறைபெட்டியில் கிடந்த சாளையை மட்டும் போட்டுவந்தால், மீனில் இருந்த வைட்டமின் ஈ முன்பே செலவாகியிருக்கும். காறிய கொழுப்பு உள்ளே போய்ப் பறவையின் சேமிப்பையும் தீர்த்துவிடும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மஞ்சளாகி இறுகிக் கட்டிதட்டும், தொட்டால் வலிக்கும், பறவை பறக்க மறுக்கும். இதற்கு மஞ்சள் கொழுப்பு நோய் என்று பெயர். தடுக்கும் வழி கடினமல்ல. எண்ணெய் மீனையே தொடர்ந்து கொடுக்காமல் கொழுப்புக் குறைந்த புதிய மீனையும் மாற்றிக் கொடுக்கவேண்டும். உறையவைக்கும் மீனைத் தண்ணீரில் முக்கி மேலே பனித்தோல் படியச் செய்தால் காற்று படாது. பனி விலகவைப்பது குளிர்பெட்டிக்குள், தண்ணீர்த் தொட்டியில் அல்ல. தொட்டியில் போட்டால் தயமின் (வைட்டமின் பி1) போன்ற நீரில் கரையும் வைட்டமின்கள் கரைந்தோடும். இருப்பு மீன் கிலோவுக்கு 100 அலகு வைட்டமின் ஈ, 25 முதல் 30 மி.கி. தயமின் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மாத்திரையை முதல் மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள், கடைசி மீனைப் பறவை மிச்சம் வைத்துவிடக்கூடும். காறிய மீன்தூள் கலந்த தீவனம் தின்னும் கோழிக்குஞ்சுகள் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத் தள்ளாடுவதற்கும் வைட்டமின் ஈ பற்றாக்குறைதான் காரணம்.

எல்லா ஆக்சிஜனேற்றமும் காறல் ஆகிவிடாது என்பதற்கும் இந்தக் கரையிலேயே சான்று உண்டு. தனுஷ்கோடியில் 2025-ல் பூநாரைக்கென்று சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பூநாரையின் செந்நிறம் உப்பங்கழிப் பாசியில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமியிலிருந்து தொடங்குகிறது. பாசியைத் தின்னும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர் அதில் இரண்டு ஆக்சிஜனை ஏற்றி, நான்கு ஹைட்ரஜனை இறக்கி, கேந்தாசேந்தின் என்ற செந்நிற நிறமி ஆக்குகிறது. அதைத் தின்ற பறவையின் சிறகில் அந்த நிறம் ஏறுகிறது. இங்கே ஆக்சிஜனேற்றம் என்றே எழுதவேண்டும், காறல் என்று எழுதக்கூடாது. அந்தச் சிறகு பிறகு வெயிலில் நிறமிழக்கும். வாலடிச் சுரப்பியின் செந்நிற எண்ணெயைக் கன்னத்தால் எடுத்துக் கழுத்தில் தேய்த்துப் பூநாரை தன் நிறத்தைப் புதுப்பித்துக்கொள்வதை ஸ்பெயினில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. சிறகு நிறமிழப்பதற்கும் காறல் என்ற சொல் பொருந்தாது. அதற்கு வெளுப்பு என்று துணிக்குச் சொல்லும் சொல்லே போதும்.