பால் சங்கு புகட்டும், அளக்குமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறத்து ஊர்களில், கைக்குழந்தை இருக்கிற பல தமிழ் வீடுகளில் பால் சங்கு இருக்கும். தண்ணீரும் அதில்தான், காய்ச்சல் மருந்தும் அதில்தான். மருந்தோடு கொடுத்துவிட்ட ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச், உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும். "நீயெல்லாம் இதுல குடிச்சுத்தான்டி வளர்ந்தே" என்று பாட்டி மகளிடம் சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் புகட்டுவது வேறு, அளப்பது வேறு.

அளவு எங்கே பிசகுகிறது? பாத்திரத்தின் அகலத்தில். மருந்துப் புட்டியோடு வரும் குட்டிக் கிண்ணத்தின் குறுக்களவு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 மில்லி மருந்து ஊற்றினால் 7 மில்லிமீட்டர் உயரம்தான் நிற்கும். கண் ஒரு மில்லிமீட்டர் ஏமாந்தால் 0.7 மில்லி கூடும், அல்லது குறையும். உட்புறம் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள சிரிஞ்சில் அதே 5 மில்லி 4 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு நிற்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய 0.1 மில்லிதான் மாறும். குழல் ஒடுங்க ஒடுங்கப் பிழையும் ஒடுங்கும். 2 மில்லி, 3 மில்லி என்று மருந்து குடிக்கும் குழந்தைக்கு இது சின்ன விஷயமில்லை.

சங்கில் கோடே கிடையாது. கோடு போட்டாலும் பயனில்லை. அது அடியில் ஒரு அகலம், மேலே ஒரு அகலம்; கை லேசாகச் சாய்ந்தால் மட்டமும் சாய்ந்துவிடும். கோப்பி கலக்கும் கரண்டியை 5 மில்லி என்று நம்புகிறவர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு கரண்டி வேறு, அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

2016இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 2,110 பெற்றோர் மருந்தை அளந்து காட்டினார்கள். 84 விழுக்காட்டினர் ஒரு தடவையாவது தவறாக அளந்தார்கள். ஐந்தில் ஒருவர் ஒரு தடவையாவது சொன்ன அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தார். சிரிஞ்சைவிடக் கிண்ணத்தில் பிழைக்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். படித்தவர், படிக்காதவர் என்பதைவிட, கையில் இருந்த கருவிதான் பெரிய வித்தியாசம் செய்தது என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. சிரப் பாகு மாதிரி கெட்டியானது. மங்கில் பாலை ஊற்றி எடுத்த பிறகும் சுவரில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுபோலச் சங்கிலும் கரண்டியிலும் மருந்து தங்கிவிடும். சிரிஞ்சின் தண்டு நுனியிலுள்ள ரப்பர் சுவரை வழித்துக்கொண்டே போவதால் அங்கே அந்த நட்டம் மிகக் குறைவு.

தண்டை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று புட்டியிலுள்ள மருந்தை அழுத்தி மேலே ஏற்றிவிடுகிறது. கூடவே காற்றுக் குமிழி ஏறினால் அந்த இடத்துக்கு மருந்து குறைவு என்று அர்த்தம். முனையை மேலே பார்க்கப் பிடித்துச் சுண்டி, குமிழியை வெளியேற்றிவிட்டு அளவைப் பாருங்கள். ரப்பரில் மருந்தைத் தொடும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. கொடுத்து முடித்ததும் முனையில் ஒரு துளி நிற்கும். அது கணக்கில் சேராதது. தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊட்டினால் அளவு கூடிவிடும்.

இனி வாய். குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றுகிற பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். மூச்சுக்குத் திணறி வாயால் காற்றை இழுக்கும்போது மருந்தும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்ச் முனையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, அரை மில்லி அரை மில்லியாகத் தள்ளுங்கள். நாக்கின் முன்பகுதியில் விட்டால் சின்னக் குழந்தை துப்பிவிடும். தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும். முதல் வேலையாக முனை மூடியைக் கழற்றி எறியுங்கள், அது தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பால் புட்டியில் மருந்தைக் கலந்தால், குழந்தை மிச்சம் வைத்த பாலில் எவ்வளவு மருந்து நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயதுக்குள் தேனில் குழைப்பது கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பொட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயைத் தரலாம்.

எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் புட்டி மாறினால் எல்லாம் வீண். பாரசிட்டமால் சிரப், 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு விதமாக மலேசியக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம்தான் உச்சம். முதல் புட்டியில் அது 5 மில்லி, இரண்டாவதில் 2.4 மில்லி. மூத்த பிள்ளைக்கு வாங்கிய 250 மில்லிகிராம் புட்டியை எடுத்து இந்தக் குழந்தைக்கு 5 மில்லி கொடுத்தால் இரண்டு மடங்கு ஆகிவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் எந்தப் புட்டியையும் திறக்காமல் நேரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.