பழைய சைக்கிளின் வயதை ஹப்பிடம் கேளுங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்சக்கர ஹப்புக்குள்ளேயே மூன்று கியர். 1930களில் வந்த வண்டி என்கிறார் விற்பவர். பெடலை மிதித்தால் சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது. வயது உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது? கியர் போயிருந்தால் வாங்கலாமா?"

இரண்டு கேள்விக்கும் பதில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்த ஹப்பிலேயே இருக்கிறது. அதற்கு முன், வயதுக் கணக்கைப் பொதுவாகப் பார்த்துவிடுவோம்.

பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். இரண்டையும் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஃப்ரேமில் குத்தியிருக்கும் எண் மாறாதுதான். ஆனால் அந்த எண் எந்த ஆண்டுக்குரியது என்று சொல்லும் பதிவேடு பல கம்பெனிகளுக்கு இன்று கிடைப்பதில்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உதிரிபாகங்கள் அப்படியில்லை. அவற்றில் பலவற்றின் மேல் பிறந்த தேதியே இருக்கும்.

ஜப்பானின் ஷிமானோ கம்பெனி செய்த பழைய பாகங்களில் பல காலம் இரண்டு எழுத்துக் குறி ஒன்று இருந்தது. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஆங்கில அகரவரிசையில் ஏ என்றால் 1976, பி என்றால் 1977. மாதத்திலும் ஏ ஜனவரி, பி பிப்ரவரி. ஆகவே 'சிடி' என்று இருந்தால் 1978 ஏப்ரல். ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் ஹப்பில் இன்னும் சுலபம். உருளையின் மேலேயே மாடல் பெயர், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம் மூன்றும் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்தால் போதும், எண் தெரியும். 12க்கு மேல் இருக்கும் எண் ஆண்டு, மற்றது மாதம். இந்த வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது.

அகழாய்வு செய்கிறவர்கள் காசை வைத்து மண்ணடுக்கின் வயதைப் பார்க்கும் அதே முறைதான் இங்கும். ஓர் அடுக்கில் 1200ஆம் ஆண்டுக் காசு கிடைத்தால் அந்த அடுக்கு 1200க்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். சைக்கிளில் ஒரு சிக்கல் கூடுதல்: சக்கரத்தையே கழற்றி மாற்றியிருக்கலாம். அதனால் ஒரு பாகத்தின் சாட்சி போதாது. ஹப், பிரேக், பெடல் மாட்டும் கையான கிராங்க் என்று மூன்று நான்கு பாகங்கள் ஒன்றிரண்டு வருட வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனால் அதுதான் வண்டியின் வயது. ஒன்று மட்டும் இருபது வருடம் தள்ளி நின்றால் அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, ஹப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இயந்திரங்களில் ஒன்று இது.

ஸ்டர்மி-ஆர்ச்சர் 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. அதன் 'ஏ.டபிள்யூ' மாடல் 1936இல் வந்தது. மூன்று கியர் ஹப் என்று உலகம் முழுவதும் பழைய சைக்கிள்களில் கிடைப்பதில் பெரும் பங்கு இதுதான். வெளியே பார்த்தால் கைக்குள் அடங்கும் ஓர் இரும்பு உருளை. நான் முதன்முதலில் ஒன்றைப் பிரித்தபோது உள்ளே பற்சக்கரங்கள் ஒரு குவியலாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஒரே ஒரு தொகுதி. மூன்று கியருக்கும் அது ஒன்றுதான்.

அதன் அமைப்பைப் பாருங்கள். நடுவில் இருக்கும் அச்சு சுற்றாது. இரண்டு முனையிலும் நட்டு போட்டு ஃப்ரேமோடு இறுக்கியிருக்கிறது. அந்த அச்சின் மேலேயே 20 பற்கள் வெட்டியிருக்கிறார்கள். இதற்குச் சூரியச் சக்கரம் என்று பெயர். அதைச் சுற்றி ஆளுக்கு 20 பற்களோடு நான்கு சிறிய கோள் சக்கரங்கள். நான்கும் ஒரு கூண்டில் மாட்டியிருக்கின்றன. இவற்றையெல்லாம் சுற்றி, உட்பக்கம் 60 பற்கள் வெட்டிய ஒரு வளையம். ஏன் 60? சூரியன் 20, அதன் இரு பக்கமும் கோள் ஒவ்வொன்று, 20ம் 20ம். கூட்டினால் 60. வேறு எந்த எண் போட்டாலும் பொருந்தாது.

இப்போது கூண்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வளையம் எவ்வளவு சுற்றும்? சூத்திரம் வேண்டாம். தரையில் ஒரு உருளைக் கட்டையைப் போட்டு, அதன் மேல் ஒரு பலகையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கட்டை ஓர் அடி நகர்ந்தால் பலகை இரண்டடி நகரும். கட்டை தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது, நடுப்பகுதி ஒரு வேகத்தில் போகிறது, உச்சி அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஹப்பில் அசையாத சூரியன்தான் தரை. கோள்தான் கட்டை. வளையம்தான் பலகை.

தூரத்தைப் பற்களால் அளப்போம். கோளின் மையம் சூரியனைச் சுற்றிவரும் பாதை 40 பல் நீளம். வளையம் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 80 பல் தூரம் நகர வேண்டும். வளையத்தில் இருப்பதோ 60 பல். எண்பதை அறுபதால் வகுத்தால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். கூண்டு மூன்று சுற்று சுற்றினால் வளையம் நான்கு சுற்று சுற்றும்.

இதில்தான் மூன்று கியரும் ஒளிந்திருக்கின்றன. செயினின் விசையைக் கூண்டுக்குக் கொடுத்து, சக்கரத்தை வளையத்தோடு இணைத்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது: மேல் கியர். விசையை வளையத்துக்குக் கொடுத்து, அந்த வளையத்தையே சக்கரத்தோடு இணைத்தால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை: நடுக் கியர். வளையத்துக்குக் கொடுத்து, கூண்டிலிருந்து எடுத்தால் வேகம் முக்கால் பங்காகிறது, மிதிப்பதும் லேசாகிறது: மேட்டில் ஏறும் கீழ் கியர். யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்வது சிலுவை வடிவில் ஒரு கிளட்ச். அச்சின் மேல் அது சில மில்லிமீட்டர் இங்கும் அங்கும் நகரும். அவ்வளவுதான். பொள்ளலான அச்சு வழியாக வெளியே வரும் சிறு சங்கிலியை கேபிள் இழுத்தால் கீழ் கியர். கேபிள் தளர்ந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளி மேல் கியர்.

அப்புறம் அந்த 'டிக் டிக்' சத்தம். வளையத்திலும் கூண்டிலும் ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு நாக்குகள் உண்டு. இவைதான் ஃப்ரீவீலில் இருப்பதைப் போல உருளையின் உட்பற்களைப் பிடித்துச் சுற்றுபவை. நடுக் கியரில் வளையத்தின் நாக்குகள் உருளையை இழுக்கின்றன. கூண்டு முக்கால் வேகத்தில் பின்தங்கி வருவதால் அதன் நாக்குகள் பற்களின் மேல் தட்டித் தட்டி வழுக்குகின்றன. மேல் கியரிலும் கூண்டு உருளையைவிட அதே முக்கால் வேகத்தில்தான் வருகிறது, ஆகவே அதே சத்தம். கீழ் கியரில் கூண்டே உருளையை இழுக்கிறது. வளையத்தின் நாக்குகளைக் கிளட்ச் அமுக்கி மடக்கிவிடுகிறது. தட்டுவதற்கு யாரும் இல்லை, சத்தமும் இல்லை. நடுவிலும் மேலிலும் டிக் டிக், கீழில் அமைதி என்றால் அந்த ஹப் ஆரோக்கியமாக இருக்கிறது. காதை வைத்தே சோதித்துவிடலாம்.

இனி வாசகரின் வண்டி. பெடல் சும்மா சுற்றுவதற்கு இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் கிளட்ச் எதையும் பிடிக்காத ஓர் இடைவெளி இருக்கிறது. கேபிள் சரியாக இழுபடாவிட்டால் கிளட்ச் அங்கே போய் நின்றுவிடும். வலது பக்க நட்டில் ஒரு துளை இருக்கும். நடுக் கியரில் வைத்து அதன் வழியே பார்த்தால், சங்கிலி மாட்டியிருக்கும் கம்பியின் முனை அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளைத் திருகிச் சரிசெய்தால் தீர்ந்தது. இரண்டாவது காரணம் எண்ணெய். பல வருடம் சும்மா நின்ற வண்டியில் எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வார்னிஷ் மாதிரிப் பசையாகிவிடும். நாக்குகள் மடங்கிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றின் ஸ்பிரிங் முடியைவிடச் சற்றே தடிமனான கம்பி. அதற்கு இந்தப் பசையை மீறும் பலம் கிடையாது. பாகம் எதுவும் உடைந்திருக்காது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் 'கியர் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தரமான எஃகுப் பற்கள் என்று தெரியாமல் எத்தனையோ ஹப்புகள் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. எனக்கு அது மனசைப் பிசையும் விஷயம்.

ஆக, ஹப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஃப்ரேமைப் பற்றி. முன்பக்கம் ஹேண்டில்பார் நுழையும் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். ஒரு சிறு புடைப்போ சுருக்கமோ தட்டுப்பட்டால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையிலிருந்து நூலைக் கட்டி, முன் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு முனையில் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் நேர்.

அடுத்து சீட்டுக் கம்பி. அது அசைகிறதா என்று பாருங்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி பல வருடம் இருந்தால், வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்து அங்கே ஒரு மின்கலமே உருவாகிறது. அலுமினியம் அரித்து, உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும் வெள்ளைப் பொடியாகி, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். இது விலையைப் பாதிக்குக் கீழே கேட்க நியாயமான காரணம். கம்பி வெளியே வந்தால் அதில் குத்தியிருக்கும் விட்டத்தைப் படியுங்கள். அந்த ஒரு எண் ஃப்ரேமின் தரத்தைச் சொல்லிவிடும். சீட்டுக் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்று வையுங்கள். கம்பி 27.2 என்றால் குழாயின் சுவர் சுமார் 0.6 மி.மீ.தான். அவ்வளவு மெல்லிய சுவர் வைக்க வலுவான கலப்பு எஃகு வேண்டும். 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற விலை உயர்ந்த குழாய். கம்பி 25.4 என்றால் சுவர் ஒன்றரை மி.மீ. அளவில் இருக்கும்: சாதாரண எஃகு, கனமான வண்டி.

டயர் அளவில் ஏமாற வேண்டாம். '26 அங்குலம்' என்ற ஒரே பெயரில் 559, 571, 590, 597 மி.மீ. என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத பல ரிம்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் மி.மீ. எண்ணைப் பார்த்து, அந்த அளவு டயர் இன்றும் கிடைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு விலை பேசுங்கள்.

'அந்தக் காலத்து இரும்பு போல வருமா' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். இது வெறும் நம்பிக்கை, இதை விட்டுவிட வேண்டும். வளையாமல் நிற்கும் விறைப்பு எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், புதியதோ பழையதோ. இன்னொரு பக்கம், 'பழைய ஃப்ரேம் ஓடி ஓடித் தளர்ந்துபோயிருக்கும்' என்பதும் தவறு. எஃகில் ஒரு எல்லை உண்டு; அதற்குக் கீழான அழுத்தம் எத்தனை லட்சம் முறை வந்து போனாலும் விரிசல் விழாது. நன்றாகச் செய்த ஃப்ரேமில் அன்றாட ஓட்டம் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். துருவும் மோதலும்தான் அதற்கு எதிரி. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஆகவே பழைய அலுமினிய ஹேண்டில்பார் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டுவதற்கு அதை மாற்றிவிடுங்கள். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள்; முதலில் வந்த பாகங்கள் கூடவே இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதலாகத் தருவார்கள். அதே காரணத்துக்காகப் பழைய பெயின்ட்டைச் சுரண்டவும் வேண்டாம்.

வாசகர் தம் ஹப்பைத் துடைத்துப் படித்ததையும் எழுதியிருக்கிறார்: ஏ.டபிள்யூ, 52, 8. அதாவது 1952 ஆகஸ்ட். அந்தச் சக்கரம் 1930களில் வந்திருக்க முடியாது. பிரேக்கும் கிராங்கும் 1930களைச் சொன்னால் சக்கரம் மட்டும் பின்னால் மாறியது. அவையும் 50களைச் சொன்னால் வண்டியே 50களின் வண்டி.

ஹப் உருளையின் மேல் ஒரு சின்ன எண்ணெய்த் துளை, மூடியோடு இருக்கும். அதில் ஊடுருவும் எண்ணெயைத் தாராளமாக விட்டு, சக்கரத்தைப் படுக்க வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கையால் பலமுறை சுற்றி, கறுத்த எண்ணெய் வடிந்ததும் நல்ல மெல்லிய எண்ணெய் விடுங்கள். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெடலை மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்றால் நடுக் கியரில் கோடு இரண்டே முக்காலுக்குச் சற்று முன்பே நிற்கும், மேல் கியரில் மூன்றரையைக் கொஞ்சம் தாண்டும். கீழ் கியரில், சத்தமே இல்லாமல், கச்சிதமாக இரண்டு சுற்று.