உயவுப் படலம்: சொல் விளக்கம்

உராய்வைக் குறைக்கும் பொருளுக்கான 'லூப்ரிகன்ட்' என்னும் ஆங்கிலச் சொல், வழுக்கும் தன்மையைக் குறிக்கும் 'லூப்ரிகஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு மசகு, உயவு என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. வண்டி அச்சில் தடவும் கரிய, பிசுபிசுப்பான பொருளே மசகு. அது கண்ணுக்குத் தெரியும், கையிலும் ஒட்டும். கணினி வன்தட்டின் ('ஹார்டு டிஸ்க்') மேற்பரப்பிலுள்ள திரவத்தை இச்சொல்லால் சுட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வன்தட்டில் தரவு பதியும் காந்த அடுக்குக்கு மேல் வைரம் போன்ற கடினமான கரிமப் பூச்சு உண்டு. அதற்கும் மேல், ஃபுளூரின் செறிந்த நீள் மூலக்கூறுகளாலான பெர்ஃபுளூரோபாலிஈதர் வகைத் திரவம் ஏறத்தாழ 1 முதல் 2 நானோமீட்டர் தடிமனில் பரவியிருக்கிறது. அதன் மூலக்கூறுகள் ஓர் அடுக்காகப் படிந்தாலே அந்தத் தடிமன் நிரம்பிவிடும். தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழன்றாலும் திரவம் எளிதில் சிதறிப் போவதில்லை; மூலக்கூறுகளின் முனைகளிலுள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகள் கரிமப் பூச்சைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆனால் எல்லா மூலக்கூறுகளும் அப்படிப் பற்றிக்கொண்டுவிடக் கூடாது. தரவைப் படிக்கும் முனை எப்போதேனும் உரசிப் படலம் தேய்ந்தால், பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்து அவ்விடத்தை மூடுவதற்குக் கட்டுப்படாத மூலக்கூறுகள் சிலவும் வேண்டும். மாறாகப் படலம் அளவு மீறித் தடித்தால், அது சமமாகப் பரவி நிற்காமல் நுண்துளிகளாகத் திரளும், முனையிலும் தொற்றிக்கொள்ளும்.

முனையின் சுமையை வழக்கமாகத் தாங்குவது இத்திரவம் அன்று, தட்டின் சுழற்சியால் இடையில் இழுக்கப்படும் காற்றே. சில வன்தட்டுகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் நிரப்புகிறார்கள். இரு பரப்புகளும் நெருங்கித் தொடும் வேளையில் மட்டுமே திரவத்துக்கு வேலை வருகிறது. இத்தகைய ஓரிரு மூலக்கூறு அடுக்குகளின் செயலையே 1920களில் பிரித்தானிய அறிவியலாளர் வில்லியம் ஹார்டி ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் 'பவுண்டரி லூப்ரிகேஷன்' எனப்படும் அதனைத் தமிழில் 'எல்லை உயவு' எனலாம்.

உயவு என்பது பழந்தமிழில் வருத்தத்தைக் குறித்த சொல். குறுந்தொகையின் 28ஆம் பாடலில் ஔவையார், "என் உயவுநோ யறியாது துஞ்சும்" ஊரை நொந்துகொள்கிறார். எந்திரத்தின் வருத்தத்தைப் போக்கும் பொருளுக்கு அதே பெயர் அமைந்தது முரண்போலத் தோன்றலாம். 'உய்த்தல்' என்பதற்குச் செலுத்துதல் என்னும் பொருளும் உண்டு என்பதால், இன்றைய கலைச்சொல்லை அவ்வழியில் வைத்துப் பார்ப்பதே எனக்கு உவப்பு.

'பூச்சு' என்பது இட்ட இடத்தில் நிற்பது. ஆகவே அச்சொல்லைக் கரிம அடுக்குக்கு விட்டுவிடலாம். கண்ணில் படரும் மெல்லிய திரையையும் நாம் 'படலம்' என்றே சொல்வதால், பரவவும் ஊரவும் வல்ல இத்திரவ அடுக்குக்கு 'உயவுப் படலம்' என்பதே பொருத்தம். பொருளை மட்டும் தனியே சுட்ட 'உயவி' போதும்.