நாக்டிகால் நிலக்கரிச் சுரங்கம்: நிலத்தடி நீரோடு ஒரு நெடும் போராட்டம்

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில், விட்டன் நகருக்கு அருகே, ரூர் ஆற்றின் கரையில் நாக்டிகால் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1714ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அதன் பெயர் முதன்முதலாக வருகிறது. 1892இல் அது மூடப்பட்டது. பெருகிவந்த ஊற்றுநீரும் அதை இறைக்க ஆன செலவும் மூடியதற்கு முக்கியக் காரணங்கள். ஒரு சுரங்கத்தின் ஆயுளை அதிலுள்ள கரியின் அளவைவிட அதற்குள் ஊறும் நீரே தீர்மானிக்கும் என்பதைப் புரிந்துகொள்ள நாக்டிகாலின் வரலாறு மிகவும் ஏற்றது.

முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு சதுப்புநிலக் காடுகள் புதைந்து உருவான கரிப்படுகைகள், பின்னர் நிகழ்ந்த நில அசைவுகளால் மடிந்து சாய்ந்தன. வட்டாரத்தின் வடபகுதியில் அவை ஆழத்தில் கிடக்கின்றன. தெற்கே, ரூர் ஆற்றை ஒட்டிய குன்றுகளில், மணற்பாறைக்கும் களிப்பாறைக்கும் இடையே கரிய கோடுகளாக நிலத்தின் மேற்பரப்புக்கே வந்துவிடுகின்றன. ஆகவே தொடக்கத்தில் கரியெடுக்கச் சுரங்கமே தேவைப்படவில்லை. படுகை வெளித்தெரியும் இடத்தில் குழி தோண்டினால் போதும். சில மீட்டர் ஆழத்தில் நீர் ஊறிக் குழி நிரம்பியதும் அதைக் கைவிட்டுப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள்.

இதற்கான தீர்வு எளிமையானது, அழகானதும்கூட. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து குன்றுக்குள் ஏறக்குறைய கிடைமட்டமாக ஒரு சுரங்கப்பாதையைக் குடைந்து, வாசலை நோக்கி அதற்கு மிக இலேசான சரிவு கொடுத்தார்கள். பாதையின் மட்டத்துக்கு மேலுள்ள பாறைகளில் ஊறும் நீர் முழுவதும் ஈர்ப்பு விசையால் தானாகவே வெளியே வழிந்தோடிவிடும்; இறைக்க ஆளும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். சரிவு கூடக்கூடப் பாதையின் உள்முனை உயர்ந்துவிடும் என்பதால், அதற்குக் கீழே சிக்கும் கரி வடிகாலின் பயனை இழக்கும். அதனால்தான் நீர் ஓடுவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் சரிவு கொடுக்கவில்லை.

அதே பாதை காற்றோட்டத்துக்கும் உதவியது. குன்றின் மேலிருந்து சுரங்கப்பாதைக்கு ஒரு செங்குத்துக் குழியை இறக்கிவிட்டால், வாயில்களில் ஒன்று தாழ்வாகவும் மற்றொன்று உயரமாகவும் அமையும். ஆழம் குறைந்த இத்தகைய சுரங்கங்களில் பாறையின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிட உள்ளிருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் அது குழி வழியே மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்வாசல் வழியே புதுக்காற்று நுழையும். கோடையில் உள்ளிருக்கும் காற்றே குளிர்ந்தது, கனமானது. எனவே ஓட்டம் திசைமாறும். இரண்டு வெப்பநிலைகளும் ஒன்றாகிவிடும் வசந்த, இலையுதிர்கால நாட்களில் காற்று அசையாமல் நின்றுவிடும். அப்போது தொழிலாளர்களின் விளக்குகள் மங்கின, மூச்சும் திணறியது.

பாதைக்கு மேலுள்ள கரி தீர்ந்தபின் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நாக்டிகாலில் 1832இல் நெப்டியூன் என்ற செங்குத்துச் சுரங்கக் குழி தொடங்கப்பட்டது. அடுத்து ஹெர்குலஸ் குழி வந்தது. அந்த வட்டாரத்தில் ஆழச் சுரங்கத் தொழிலுக்கு முதலில் மாறியவற்றுள் இதுவும் ஒன்று. பின்னாளில் வடக்கே எழுந்த பெருஞ்சுரங்கங்களோடு ஒப்பிடும்போதுதான் இது சிறியது. இனி ஈர்ப்பு விசை துணைவராது. நீராவி எந்திரம் வேண்டும். ஒரு கன மீட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் ஆற்றல் செலவாகும். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் நீர் ஊறுவதாகவும், எரிக்கும் கரியின் ஆற்றலில் நூற்றில் மூன்று பங்கே பயன்படுவதாகவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட கரி இறைப்பதற்கு மட்டுமே எரிய வேண்டும். ஆழம் இருமடங்கானால் இந்தச் செலவும் இருமடங்காகும். கரி விலை சரிந்தாலும், வேலைநிறுத்தம் நடந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் நீர் ஊறுவது நிற்காது; அதனால் எந்திரமும் நிற்கக் கூடாது.

வடபகுதிச் சுரங்கங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே கரிப்பாறைகளுக்கு மேல் சுண்ணக்களி கலந்த தடித்த அடுக்கு ஒன்று மூடிபோலப் படிந்து, மழைநீர் எளிதில் கீழிறங்காமல் காக்கிறது. அதைத் துளைத்து இறங்குவது கடினம். ஆனால் 1830களில் அது கைகூடியபின், எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கல்கரியை (காற்றுப் படாமல் சூடாக்கி வாயுக்களை நீக்கிய கரி, ஆங்கிலத்தில் கோக்) தரும் கரிவகைகள் அங்கே கிடைத்தன. தெற்கிலோ வெடிப்புகள் நிறைந்த மணற்பாறை நேரடியாக மழையைக் குடித்தது. கிடைத்த கரியும் பெரும்பாலும் வாயு குறைந்த வகை, அடுப்புக்கும் சூளைக்கும் ஏற்றது, கல்கரிக்கு ஏற்றதன்று. நாக்டிகால் இந்த இரண்டு வகையிலும் பின்தங்கியது.

சுரங்கம் மூடியபின்னும் அந்த இடம் வீணாகவில்லை. 1897 முதல் அங்கே செங்கல் ஆலை ஒன்று இயங்கியது. முன்பு கரிக்காகத் துளைக்கப்பட்ட அதே களிப்பாறையை வெட்டி அரைத்துச் செங்கல் அறுத்து, வட்டச் சூளையில் சுட்டார்கள். இந்தச் சூளையில் கற்கள் அடுக்கிய இடத்திலேயே இருக்கும், நெருப்புதான் அறைக்கு அறை நகர்ந்து சுற்றிவரும். சுட்டு முடித்த கற்களைக் குளிர்விக்கும் காற்று சூடேறி நெருப்பை ஊட்டும். நெருப்பைக் கடந்த புகை அடுத்து வரும் பச்சைக் கற்களை உலர்த்தும். வெப்பம் இவ்வளவு சிக்கனமாகப் பயன்பட்டதால்தான் ஆலை 1963 வரை நீடித்தது என்பது என் கணிப்பு. இன்று அந்த இடம் அருங்காட்சியகம். பார்வையாளர்கள் தலைக்கவசம் அணிந்து சுரங்கப்பாதைக்குள் சென்று கரிப்படுகையை நேரில் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எரிபொருள் தட்டுப்பாட்டால் விட்டனைச் சுற்றிய குன்றுகளில் சில பேரே வேலைசெய்யும் சிறுசுரங்கங்கள் மீண்டும் முளைத்தன. எண்ணெய் மலிந்ததும் அவை மறைந்தன. ரூர் வட்டாரத்தின் கடைசிப் பெருஞ்சுரங்கமான புரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் அந்த வட்டாரத்தில் ஆழத்து நீரை இறைக்கும் வேலை முடியவில்லை. உப்பும் தாதுக்களும் கலந்த சுரங்கநீர், குடிநீர் தரும் நிலத்தடி நீர் அடுக்குகளை எட்டிவிடாதபடி பம்புகள் தொடர்ந்து இயங்குகின்றன.

தெற்குக் குன்றுகளில் பழைய வடிகால் பாதைகள் பல இன்றும் பம்பு எதுவுமின்றி நீரை ஆற்றுக்கு அனுப்புகின்றன. இத்தகைய வாசல்களில் வழியும் நீர் பல இடங்களில் காவி நிறமாக இருக்கும்: கரியோடு கலந்திருக்கும் இரும்பு சல்பைடு தாது ஆக்சிஜனோடு வினைபுரிந்து நீரில் கரைகிறது, வெளிக்காற்று பட்டதும் துருவாகப் படிகிறது. அந்தப் படிவோ, இடிந்து விழும் பாறையோ பாதையை அடைத்துவிட்டால், குன்றுக்குள் நீர் தேங்கி எதிர்பாராத இடத்தில் உடைத்துக்கொண்டு வெளியேறக்கூடும். ஆகவே கரியெடுப்பது நின்று பல தலைமுறைகள் ஆனபின்னும் இப்பாதைகளைச் சோதித்து, தூர்வாரி, கூரை சரிந்த இடங்களில் முட்டுக் கொடுத்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.