நஞ்சை முந்தும் பூஞ்சை

2004ஆம் ஆண்டு கென்யாவின் கிழக்குப் பகுதியில், குறிப்பாக மக்குவேனி, கிட்டுயி மாவட்டங்களில், மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. நோயுற்ற 317 பேரில் 125 பேர் இறந்தனர். அவர்கள் அன்றாடம் களியாகக் கிண்டி உண்ட மக்காச்சோளமே அதற்குக் காரணம். சரியாகக் காயாமல் சேமித்து வைத்த தானியத்தில் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பெருகி, அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. சமையல் சூட்டில் இந்த நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. சிறிய அளவில் நெடுங்காலம் உட்கொண்டால் கல்லீரல் புற்றுநோயையும் உண்டாக்கும்.

அறுவடையான மணிகளை 13 சதவீத ஈரப்பதம் வரை காயவைப்பது இன்றியமையாதது. ஆயினும் அது மட்டும் போதாது. ஏனெனில் மண்ணில் வாழும் இந்தப் பூஞ்சை, வறட்சியில் பயிர் வாடும்போதே கதிருக்குள் புகுந்துவிடுகிறது. ஆகவே வயலிலேயே அதைத் தடுக்க வேண்டும்.

இந்தப் பூஞ்சையின் எல்லா வகைகளும் நஞ்சைச் சுரப்பதில்லை. நஞ்சை உருவாக்கும் மரபணுக்கள் சிதைந்துபோன வகைகளும் அதே மண்ணில் இயல்பாகவே வாழ்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பருத்தி வயல்களில் பீட்டர் காட்டி (Peter Cotty) என்ற ஆய்வாளர் நஞ்சுள்ள வகைகளை விலக்க இவற்றைப் பயன்படுத்திக் காட்டினார். அந்த வழியைப் பின்பற்றி, நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து வயலில் தூவும் 'அஃப்லசேஃப்' என்ற தடுப்புப் பொருளை உருவாக்கின.

செய்முறை எளிது. சோளத்தை முளைக்காதபடி வறுத்து, அதன்மேல் நஞ்சற்ற பூஞ்சையின் வித்துகளைப் பூசுகிறார்கள். தின்பதற்கான சோளம் அல்ல என்று தெரிவதற்காக நீல நிறமும் ஏற்றுகிறார்கள். பயிர் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, எக்டேருக்கு 10 கிலோ வீதம் கையாலேயே தூவ வேண்டும். சில நாள்களில் ஒவ்வொரு சோள மணியின் மேலும் பச்சைத் தூள் படர்ந்திருப்பதைக் குனிந்து பார்த்தாலே காணலாம். அந்தத் தூள்தான் வித்து. காற்றும் பூச்சிகளும் அதைக் கதிர்களுக்குக் கொண்டு செல்கின்றன. நஞ்சுள்ள வகை வந்து சேருமுன் இடமும் உணவும் நஞ்சற்ற வகையின் வசமாகிவிடுகின்றன. வயலில் பூஞ்சையின் மொத்த அளவு கூடுவதில்லை, அதன் குணம் மட்டுமே மாறுகிறது என்பதே என்னை மிகவும் கவர்ந்த நுட்பம்.

முறையாகத் தூவிய வயல்களின் விளைச்சலில் அஃப்லடாக்சின் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நஞ்சற்ற வகை மணியோடு குதிருக்கும் செல்வதால் அங்கேயும் காவல் தொடர்கிறது. ஆனால் ஃபுசேரியம் என்ற வேறொரு பூஞ்சை சுரக்கும் ஃபுமோனிசின் என்ற நஞ்சை இது தடுக்காது. அதற்காக, இதைத் தூவிய உழவரும் கதிர்களைத் தாமதமின்றி அறுத்துக் காயவைத்தே ஆக வேண்டும்.